தனியொருவர் சென்ற வழியும் ஊரார் செல்லும் வழியும்

மன்னர்கள் நடத்திய போர்களையும் அவர்கள் கட்டிய கோட்டைகளையும் மட்டுமே வரலாறு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. இன்று அக்கருத்து மாறிவிட்டது. எளிய குடியிற் பிறந்தவர் எழுத்தறிவு பெற்றது எங்ஙனம், அவர் சென்ற வழி பின்வந்தோர்க்கும் திறந்திருந்ததா என்று ஆராய்வதும் வரலாறே ஆகும். நம் போன்றோர் முதலிற் கற்க வேண்டிய வரலாறும் அதுவே. கல்விப் பணிக்கென ஏற்பட்ட நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்நாளைய ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த பெரியார் இருவரையும் நம் சிதம்பரத்துப் பெரியார் ஒருவரையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

மீனவர் மகன்

ரஷ்யாவின் வடகோடியில், ஆண்டிற் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் கடலோரப் பகுதியில், கல்மகோரி என்னும் ஊருக்கு அருகில் 1711-ஆம் ஆண்டு பிறந்தவர் மிகயீல் லமனோசவ். தந்தை குடியானவர், மீன்பிடித்தலும் படகில் சரக்கு ஏற்றிச் செல்லுதலும் அவர் தொழில். இளமையிலேயே தாயை இழந்த அச்சிறுவன், கிடைத்த இலக்கண நூல் ஒன்றையும் கணக்கு நூல் ஒன்றையும் மனப்பாடம் ஆகும்வரை படித்தான்.

1730-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், மீன் ஏற்றிச் சென்ற சறுக்கு வண்டிகளோடு சேர்ந்து மாஸ்கோவுக்குப் புறப்பட்டார். அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உண்டு. சிதம்பரத்திற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் நான்கு மடங்கினும் மிகுதி. கடுங்குளிரில் அவ்வளவு தொலைவு சென்றும், குடியானவர் பிள்ளைகளுக்கு அங்குள்ள கல்விச்சாலையில் இடமில்லை. எனவே தாம் உயர்குடியில் தோன்றியவர் என்று கூறியே அவர் அதனுள் நுழைந்தார். பத்தொன்பது வயது கடந்தவர் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் பயின்றார். சிறுவர்கள் எள்ளி நகையாடினர். நாள் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்த உதவித்தொகை 3 கோபெக் காசுகள். அரைக் காசுக்கு ரொட்டியும் அரைக் காசுக்குப் பானமும் வாங்கிக்கொண்டு, எஞ்சியதைக் காகிதத்திற்கும் காலணிக்கும் பிற தேவைகட்கும் வைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் கடிதம் ஒன்றில் அவரே குறித்துள்ளார்.

அவர் பின்னர் செருமனி சென்று பயின்றார். 1745-இல் வேதியியல் பேராசிரியரானார். 1761-இல் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்தபோது, அக்கோளுக்குக் காற்று மண்டலம் உண்டு எனக் கண்டுரைத்தார். ரஷ்ய மொழிக்கு இலக்கணமும் வகுத்தார். 1755-இல் மாஸ்கோப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்குத் திட்டம் வகுத்தவர்களில் அவரே தலையாயவர். இன்று அப்பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அப்பல்கலைக்கழகத்தில், உடையவன் விடுதலை அளித்தாலன்றிப் பண்ணையடிமைகளுக்கு இடமில்லை என்று விதி இருந்தது. லமனோசவ் உள்ளே சென்றார். அவரினும் தாழ்ந்த நிலையில் இருந்தோர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர்.

விலைக்கு மீட்கப்பட்ட கவிஞர்

பண்ணையடிமை முறை என்பது யாது? நிலத்தை விற்கும்போது அதில் உழும் மக்களும் கைமாறுவர். உடையவன் இசைவின்றி ஊரைவிட்டுப் போதலோ மணம் செய்துகொள்ளுதலோ இயலாது. நம் பகுதியில் பண்ணையாள், படியாள் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்த முதியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அத்தகைய குடியில், அந்நாளில் ரஷ்யப் பேரரசின்கீழ் இருந்த உக்ரேனில், 1814-இல் பிறந்தவர் தராஸ் ஷெவ்சென்கோ. பெற்றோரை இளமையில் இழந்து, உடையவனின் மனையில் ஏவலாளாக இருந்தார். அவருடைய ஓவியத் திறனைக் கண்டு வியந்த கலைஞர்கள் அவரை மீட்க முனைந்தனர். பிரியுல்லோவ் என்னும் ஓவியர், சுக்கோவ்ஸ்கி என்னும் கவிஞரின் உருவத்தை வரைந்து கொடுத்தார். அப்படத்தைக் குலுக்கல் முறையில் விற்றுப் பெற்ற 2500 ரூபிளை உடையவனுக்குக் கொடுத்து, 1838-இல் ஷெவ்சென்கோவை விடுவித்தனர். ஒரு மனிதனின் உரிமைக்கு ஓர் ஓவியத்தின் விலை!

விடுதலை பெற்றவர் தம் இனத்தாரை மறந்தாரில்லை. அவர் இயற்றிய பாடல்கள் அடிமைத்தனத்தைச் சுட்டெரித்தன. அதனால் 1847-இல் கைதாகித் தொலைவான பாலைப் பகுதிக்குப் படைவீரராக அனுப்பப்பட்டார். எழுதவும் வரையவும் கூடாது என்று பேரரசரே தம் கைப்பட ஆணையிட்டார். பத்தாண்டுகள் கழித்து மீண்டு வந்தபோதும் அவருடைய உடன்பிறந்தோர் அடிமைகளாகவே இருந்தனர்.

அவர் தம் இறுதிக் காலத்திற் செய்த பணியை நாம் உற்று நோக்குதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் பயிலும் ஏழை மக்களுக்காக ஓர் அரிச்சுவடியைத் தொகுத்து, தம் செலவிலேயே 10,000 படிகள் அச்சிட்டார். அஃது 1861-இல் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் அடிமை ஒழிப்பு ஆணை கையெழுத்தாயிற்று. ஆணை மக்களுக்கு அறிவிக்கப்படுமுன்னரே, 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஆணை மட்டும் போதாது

1861-ஆம் ஆண்டு ஆணையால் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். ஆனால் அவர்கள் உழுத நிலத்திற்கு 49 ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டும் என்று விதித்தனர். கல்விக்குப் போதிய ஏற்பாடும் இல்லை. டால்ஸ்டாய் 1859-இல் தம் ஊரில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது போன்ற தனிமனிதர் முயற்சிகள் சில இருந்தன. எனினும் 1897-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, எழுதப் படிக்கத் தெரிந்தோர் 100-க்கு 21 பேரே ஆவர்.

1917-இல் புரட்சி நிகழ்ந்தது. 1919 திசம்பர் 26-இல் வெளியான ஆணை, 8 வயது முதல் 50 வயது வரையுள்ள அனைவரும் தத்தம் தாய்மொழியிலோ ரஷ்ய மொழியிலோ எழுத்தறிவு பெற வேண்டும் என்றது. கற்கும் தொழிலாளர்க்கு நாள்தோறும் வேலையில் இரண்டு மணி நேரம் குறைக்கப்பட்டது, கூலி குறைக்கப்படவில்லை. பசித்தவனுக்கு, கூலியை இழந்து படி என்று சொல்லாத அவ்விதி போற்றத்தக்கது. 1939-இல் 9 முதல் 49 வயது வரையுள்ளோரில் 100-க்கு 85 பேருக்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்தனர். சோவியத் ஆட்சியில் அடக்குமுறையும் மிகுந்திருந்தது. 1991-இல் அவ்வரசு மறைந்தும் போயிற்று. ஆனால் கற்றவர்களின் கல்வி மறையவில்லை.

சிதம்பரத்தில் திறந்த வாயில்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். கொள்ளிடக் கரைப் பகுதியைச் சேர்ந்த ஆதனூரில் தோன்றிய நந்தனார் தில்லைக்கு வந்த வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகின்றது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. லமனோசவ் பிறப்பை மறைத்துச் சென்றார். நந்தனாரோ பிறந்த உடலையே தீக்குக் கொடுத்துச் சென்றார். ஆனால் நந்தனாரின் சுற்றத்தார்க்கு அவ்வாயில் திறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயங்கள் அனைத்தையும் எல்லார்க்கும் திறந்துவிட்ட ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947-இல் தான்.

இந்த நிலையை மாற்றக் கல்வியைக் கருவியாகக் கொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890-இல் முனுசாமி என்ற பெயருடன் பிறந்த அவர், திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியில் பயின்றார். பிழைப்பின் பொருட்டுக் குடும்பம் கோலார் தங்க வயலுக்குச் சென்றது. பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சாத்திரங்களைக் கற்றுத் துறவு பூண்டு, 1910-இல் சிதம்பரம் வந்தார். துறவியாகத் தம் வீடுபேற்றை மட்டும் நாடி அவர் அமைதியுற்றிருக்கலாம். அவர் அங்ஙனம் இருந்தாரல்லர். 1916-இல் 25 மாணவர்களைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தனார் கல்விக் கழகம் அவர் பணியின் நிலைக்களமாயிற்று.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தோன்றியது 1920-இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1929-இல். இவ்விரண்டுக்கும் முன்னரே நந்தனார் பள்ளி எழுந்தது. கூலி வேலை செய்யும் தாய் தந்தையர் தம் பிள்ளையை அனுப்பினால், அவன் படிக்க மட்டுமின்றித் தங்கவும் உண்ணவும் இடம் வேண்டுமே! அதற்கும் சுவாமிகள் வழி செய்தார். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் உறுப்பினராக இருந்து நம் மக்களுக்காக வாதாடினார். 1959 மே 1-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வளர்த்த பள்ளி இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளியாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடைபெற்று வருகின்றது. தீயில் மூழ்காமலும் பிறப்பை மறைக்காமலும் நம் பிள்ளைகள் நுழையத்தக்க வாயிலை, நந்தனார் பெயராலேயே சுவாமிகள் அமைத்தார்.

நம் கடமை

இளைஞர்களே! தன் முயற்சியால் தான் ஒருவன் உயர்வது பெருமைக்குரியதே. ஆனால் அவன் உயர்ந்ததும் வழி அடைபட்டுவிடுமாயின், அப்பெருமை அவனோடு முடிந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட என் ஆசிரியப் பணியில், நம் மாணவர் பலர் படித்துப் பட்டம் பெற்று அலுவலர்களாக உயர்ந்ததைக் கண்டு மகிழ்ந்துள்ளேன். அவருட் சிலர் நகரத்தில் குடியேறிய பின், வாடகை வீடு கிடைக்க வேண்டுமே என்று ஊர்ப்பெயரைச் சொல்லவும் தயங்குவதை அறிந்து வருந்தியுமுள்ளேன். அவர்களை நான் பழிக்கவில்லை. பழிக்கத்தக்கது அவர்களை அங்ஙனம் மறைக்கச் செய்யும் சமுதாயமே. ஆனால் இருநூறு ஆண்டுகட்குப் பின்னும், முந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் லமனோசவின் நிலையிலேயே நாம் நிற்கலாகாது.

ஷெவ்சென்கோ அரிச்சுவடி அச்சிட்டது போல், சகஜானந்தர் 25 பிள்ளைகளைக் கூட்டியது போல், நீங்களும் செய்தல் இயலும். கீரப்பாளையத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்து பணியில் இருப்போர் ஒவ்வொருவரும், விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஊருக்கு வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். படித்து முடித்த புத்தகங்களைக் கழகத்தில் ஒப்படையுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேரும் பெண்பிள்ளை ஒருத்தியின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று நம் கழகத்தின் திண்ணையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், பொன்விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோராக வளர்தல் வேண்டும். அதுவே இவ்வெள்ளி விழாவின் பயனாகும்.