தாற்காலிக கதி: ஒரு கணத்தின் வேகம்

கடந்த தொலைவைக் காலத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஒரு கணத்தின் வேகத்தை எவ்வாறு அறிவது? 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் இவ்வினாவை எதிர்கொண்டார். அடுத்தடுத்த இரு நாள்களின் கோள்நிலை வேறுபாடு ஸ்தூல கதியே. நாள் முழுதும் கோளின் ஓட்டம் ஒரே சீராய் இராது என்றார். நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 13 பாகை நகரும் சந்திரனுக்கு, திதி முடிவைக் கணிக்க அத்தோராயம் போதவில்லை. ஆகவே, சைனின் மாற்றம் கோசைனைப் பொறுத்தது என்னும் விதியால் 'தாற்காலிக கதி'யைக் கண்டார். இவ்விதியின் முன்வடிவம் மஞ்சுளரின் லகுமானசத்திலேயே உண்டு.

இதனை நியூட்டனின் நுண்கணிதம் என முழங்குவதும், வெறும் பஞ்சாங்கக் கணக்கென ஒதுக்குவதும் பிழையே. எல்லை பற்றிய பொதுக் கோட்பாடு இங்கில்லை. கணத்துக்கும் வேகமுண்டு என்னும் தெளிவு உண்டு.