சியேனா நகரச் சுவரோவியம்

சரித்திரமென்பது அரசர் பட்டமேறிய ஆண்டும் போர் நிகழ்ந்த ஆண்டுமே எனக் கருதுவார் பலர். மாந்தர் வாழ்ந்த வீடும் வீதியும் சாசனங்களே யாம். அவற்றைத் தீட்டிய சித்திரங்களோ, தீட்டுவித்தார் உள்ளத்தையும் உடன் காட்டுவன. இதற்கு இத்தாலி தேசத்துச் சியேனா நகரத்துச் சுவரோவியமொன்றை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

அந்நகரை 1287 முதல் 1355 வரை ஆண்டது ஒன்பதின்மர் குழு. இவர் பெரும்பாலும் செல்வ வணிகர். இரு திங்களுக்கொரு முறை மாறுவர். இவர்கள் தாம் கூடும் அறையின் சுவர்களில், 1338-39ஆம் ஆண்டுகளில், அம்பிரோஜியோ லோரன்ஸெட்டி என்னும் ஓவியரைக் கொண்டு நல்லாட்சியின் பயனையும் தீயாட்சியின் பயனையும் எழுதுவித்தனர்.

நல்லாட்சி நகரில் மாடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. இடையிடையே கோபுரங்கள், இவை கோயிற் கோபுரங்களல்ல, பிரபுக் குடும்பத்தார் தத்தம் வலிமை தோன்ற எடுப்பித்த வகையின. சிறு தூணொன்று இடைநின்று இரு கூறாக்கும் வளைவுச் சாளரங்களை நோக்குமின். பெருஞ்சதுக்கத்தை நோக்கிய வீடுகளின் சாளரங்கள் தூண்களுடன் அமைதல் வேண்டும், வெளிமாடம் கூடாது என்று 1297-இலேயே சட்டஞ் செய்திருந்தனர். தம் வீட்டுச் சாளரமும் ஊர்ப்பொதுவென்று ஒருவர் ஒப்புதல் எளிதோ? பேராலயமோ, குவிமாடமும் மணிக்கோபுரமும் இடப்புற மூலையில் சிறிதே தலைகாட்ட ஒதுங்கி நிற்கின்றது. வணிகர் ஆண்ட நகரில் நடுவிடம் எவர்க்கென்பது இதனாற் போதரும்.

மேலே சாரங்கட்டிக் கொத்தர் வேலை செய்கின்றனர். கீழே செருப்புக் கடை. அதனயலே ஆசிரியர் ஒருவர் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்கின்றார். பாடசாலையிற் காலங்கழிக்கும் யாம் அச்சிட்ட படத்தில் அவரைக் கண்டபோது உற்ற உவகையை மறைப்பானேன்! எதிர்ச்சுவரிலுள்ள தீயாட்சி நகரிலோ வீடுகள் இடிந்து கிடக்கின்றன. தொழில் நடத்துவான் படைக்கலஞ் செய்யுங் கொல்லன் ஒருவனே.

நிற்க. நல்லாட்சி நகரின் வாயிலுக்குமேல் காவல் என்னும் நங்கை சிறகுடன் மிதக்கின்றாள். அவள் ஏந்திய தூக்குமரத்தில் ஒருவன் தொங்குகின்றான். அமைதிக்கடியில் அச்சமும் உண்டென்பதை ஓவியர் மறைத்திலர்.

அவர் எழுதாதது ஒன்றுளது. சுவரில் இடம்பெற்ற கொத்தர்க்கும் செருப்புத் தைப்பார்க்கும் அச்சுவரின்கீழ் வீற்றிருந்த ஒன்பதின்மருள் இடமில்லை. பிரபுக்களும் விலக்கப்பட்டிருந்தனர். 1348-இல் கொள்ளைநோய் நகரமாந்தரிற் பெரும்பகுதியினரை வாரிக்கொண்டது. பின்னர் 1355-இல், நான்காம் சார்லஸ் மன்னர் அந்நகர்க்கு வந்த தருணத்தில், பிரபுக்களும் சிறுதொழிலாளரும் ஒருங்கெழுந்து ஒன்பதின்மர் ஆட்சியை வீழ்த்தினர். சித்திரத்தை எவரும் அழித்திலர். நகர மண்டபத்தில் இன்றும் அது காணக்கிடைக்கின்றது.