பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பு: நம் பிள்ளைகளுக்கு ஏன், எங்கே, எப்படி?

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல். பட்டம் முடித்த பிள்ளைக்கு எம்.பி.ஏ. அல்லது வளைகுடா விசா. நம் வீடுகளில் மேற்படிப்புப் பேச்சு பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. பொதுக் கொள்கை (பப்ளிக் பாலிசி) என்றொரு முதுகலைப் படிப்பு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஆனால் நம் ஊர், தொழில், கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைத்தான் அது கற்றுத் தருகிறது.

மணவாளக்குறிச்சி மணலில் ஒரு பாடம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் இந்தக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். திருவிதாங்கூர் ஆட்சியிலேயே மணல் தொழில் தொடங்கிவிட்டது. இன்று மத்திய அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கு ஆலை நடத்துகிறது.

இந்த நிறுவனம் கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டமிட்டது. அதற்காக 2024 அக்டோபரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கடும் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. வேலையும் வருமானமும் கிடைக்கும் என்பது ஒரு தரப்பு. கடலரிப்பு, கதிர்வீச்சு, மீன்பிடித் தொழில் பற்றிய அச்சம் மறு தரப்பு.

இத்தகைய கூட்டம் நடப்பதற்கான விதி, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ளது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும். சுருக்கம் மட்டும்தான், முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும். அதைப் படித்து, எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று சொல்ல ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதன் பிறகு, 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அது விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறுமாறு தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, புதிய சட்டம் இல்லை. ஒரு குறிப்பாணை போதுமானதாக இருந்தது. இதைச் செய்யும் அதிகாரம் யாருக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், எதிர்த்து எங்கே முறையிடலாம் என்ற கேள்விகளுக்குப் பதில் தேடுவதே இந்தப் படிப்பின் வேலை.

சமுதாயத்துக்கு இதில் என்ன?

2005-ல் அமைக்கப்பட்ட நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு, 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. அன்று மக்கள்தொகையில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள், ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம் மட்டுமே இருந்தனர் என்று அது எண்ணிக்கையோடு காட்டியது. அக்குழுவின் உறுப்பினர் செயலராக இருந்தவர் பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப். மேடைகளில் பல ஆண்டுகள் பேசப்பட்ட குறை, புள்ளிவிவரமாக மாறிய பிறகே அரசுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. தமிழகத்தில் 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும் ஆணையப் பரிந்துரை, சட்டம் என்ற வழியில்தான்.

மறுபுறம், வெளிநாட்டுக் கல்விக் கடனின் வட்டிக்கு மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும், ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-ல் நிறுத்தப்பட்டன. நம் பிள்ளைகளைத் தொடும் முடிவுகள் கோப்புகளில் எடுக்கப்படும்போதே அவற்றைப் படித்து, தரவோடு பதில் தரத் தெரிந்தவர்கள் தேவை.

என்ன படிப்பார்கள்?

பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. பொருளியல், புள்ளியியல், சட்டம், அரசியல், நிர்வாகம் ஐந்தும் கலந்திருக்கும். பட்ஜெட்டைப் படிப்பது, ஒரு திட்டத்தின் செலவையும் பலனையும் ஒப்பிடுவது, கள ஆய்வு நடத்துவது, அமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவது ஆகியவை முக்கியப் பயிற்சிகள். எந்தப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலும் விண்ணப்பிக்கலாம். பொறியியல் முடித்தவர்களும் இதில் சேருகிறார்கள். கணக்கைக் கண்டு அஞ்சக் கூடாது; ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வர வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

• பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் (என்.எல்.எஸ்.ஐ.யு.): 2014-ல் தொடங்கிய எம்.பி.பி. படிப்பு. தனி நுழைவுத் தேர்வு உண்டு.

• டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஹைதராபாத்: பொதுக் கொள்கை, ஆளுகை பாடத்தில் எம்.ஏ.

• ஐ.ஐ.டி. மும்பை, ஐ.ஐ.டி. டெல்லி: இரண்டிலும் பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பு உள்ளது.

• வெளியூர் செல்ல இயலாதவர்கள்: பெங்களூரு தக்ஷசீலா நிறுவனம் இணையவழிப் படிப்பு நடத்துகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் எம்.ஏ. படிக்கலாம். பொது நிர்வாகம் சற்று வேறு பாடம். அரசு இயந்திரம் இயங்கும் விதத்தை அது அதிகம் பேசும். ஆனாலும் நல்ல அடித்தளம்.

• வெளிநாடு: சிங்கப்பூர் லீ குவான் யூ கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு பிளவட்னிக் கல்லூரி (ஓராண்டு), ஹார்வர்டு கென்னடி கல்லூரி. கத்தாரில் குடும்பத்துடன் இருப்பவர்கள் தோஹாவின் ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம்.

செலவும் உதவியும்

தனியார் நிறுவனங்களில் கட்டணம் மிக அதிகம். அரசு நிறுவனங்களையே முதலில் பாருங்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் உள்ளனர். மத்திய நிறுவனங்களில் 27 சதவீத ஒதுக்கீட்டைப் பெற, மாநில பி.சி. சான்று மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதோர்' சான்று தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுவது நல்லது.

சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் (டாம்கோ) குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. வட்டியே வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்கள், முழு உதவித்தொகை தரும் இடங்களைக் குறிவைக்க வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு, பயணம் அனைத்தையும் ஏற்கும். அதற்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும்; படித்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாயகத்தில் இருக்க வேண்டும். ஜமாஅத் பைத்துல் மால்களும் இந்தப் படிப்பைத் தங்கள் உதவிப் பட்டியலில் சேர்க்கலாம்.

வேலை கிடைக்குமா?

வளாகத்தில் பெரிய சம்பளத்தில் அள்ளிக்கொண்டு போகும் படிப்பு அல்ல இது. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், அரசின் திட்டப் பிரிவுகள், ஐ.நா. அமைப்புகள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. தொடக்கச் சம்பளம் ஐ.டி. துறையை விடக் குறைவாக இருக்கலாம். இரண்டு வாயில்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (2022 முதல்): இரண்டு ஆண்டு, மாத ஊதியத்துடன் அரசுத் துறைகளில் பணி. தமிழ் அறிவு கட்டாயம்.

• லேம்ப் ஃபெலோஷிப்: பி.ஆர்.எஸ். அமைப்பு நடத்துவது. இளம் பட்டதாரிகள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக டெல்லியில் பணிபுரியலாம்.

சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் இந்தப் படிப்பு துணை செய்யும். ஆனால் அந்தத் தேர்வை மட்டும் நம்பி இதில் சேர வேண்டாம்.

இப்போதே தொடங்க...

கல்லூரியில் இருக்கும் மகனோ மகளோ ஆர்வம் காட்டினால், சேருவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பேரூராட்சியின் ஆண்டு வரவு செலவுக் கணக்கை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கச் சொல்லுங்கள். அல்லது மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் உங்கள் மாவட்டத் திட்டம் ஒன்றின் சுற்றுச்சூழல் அறிக்கையை எடுத்து, வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கத்தில் விளக்கி எழுதச் சொல்லுங்கள். அலுப்பில்லாமல் எழுதி முடித்து, மேலும் நாலு கேள்வி கேட்கிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு பொருந்தும்.