வேடந்தாங்கல்: யார் யாருக்குக் கற்பித்தது?

மக்களுக்கு இயற்கை பற்றிய விழிப்புணர்வு இல்லை, நாம்தான் கற்பிக்க வேண்டும் – சுற்றுச்சூழல் கல்வி என்கிற சொல்லாடல் முழுக்க இந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கிறது. 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. கற்பிப்பவர் மேலே, கற்பவர் கீழே என்கிற ஏற்பாடுதான் என்னை உறுத்துகிறது. வேடந்தாங்கலில் அது தலைகீழாக நடந்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்காக ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் போய் முறையிட, செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் சுடக்கூடாதென்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சூழலியல் என்ற சொல்லே பிறக்காத காலம். பாடம் எடுத்தது ஊர், கேட்டுக்கொண்டது கம்பெனி.

பாடம் எளிமையானதுதான். நீரில் நிற்கும் மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் கலக்கிறது, தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசு செலவில்லாமல் உரம் வந்து சேருது, அவ்வளவுதான். ஆதிகாலந்தொட்டுத் தமிழன் இயற்கையை நேசித்தான் என்கிற பெருங்கதையாடலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நேசம் இருந்திருக்கலாம், விளைச்சல் நிச்சயமாக இருந்தது.

சரி, 'ஊர்' என்றால் யார்? செங்கல்பட்டு மிராசி நிலவுடைமையின் கோட்டை. மிராசி உரிமை குறித்து 1799இல் விரிவான அறிக்கை எழுதியவரும் இதே பிளேஸ்தான். மிராசுதாரின் வயலில் சேற்றில் இறங்கி நட்டவர்கள், அறுத்தவர்கள் பறையர்கள், நிலம் அவர்களுடையதல்ல. அவர்களது நிலைமையைக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய பிறகுதான் பஞ்சமி நில ஆணை வந்தது. கவுலுக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஏறத்தாழ நூறு வருஷம். பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பு உழைத்தவனுக்குக் கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நம்முடைய சூழல் பாடநூல்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. ஏரி நீரில் பங்கில்லாதவனிடம் 'ஏரியைக் காப்பாற்று' என்று எந்த முகத்தோடு வகுப்பெடுப்பது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி 5 கி.மீ. என்றிருந்த எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020இல் முன்மொழிந்தது தமிழக வனத்துறை. பறவைகளை நேசியுங்கள் என்று நமக்குப் பலகை எழுதி வைப்பதும் அதே துறைதான்.