கிறிஸ்துமஸ் எப்போது வரும்? - திருவருகைக் காலத்தின் கதை

நவம்பர் பாதியிலேயே கடைகளில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்து விடுகின்றன. டிசம்பர் முதல் தேதிக்குள் கேக், பாட்டு, வாழ்த்து அட்டை எல்லாம் தயார். ஆனால் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் இந்த நாட்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்திற்கு உரியவையே அல்ல! காத்திருப்பதற்கு உரியவை. இதற்குத்தான் 'திருவருகைக் காலம்' என்று பெயர்.

ஆங்கிலத்தில் அட்வென்ட். 'அட்வென்டுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; 'வருகை' என்று பொருள். ரோமப் பேரரசர் ஒரு நகருக்குள் நுழையும் வைபவத்திற்கும் இதே சொல்தான். பேரரசரின் வருகையைக் குறிக்க நாணயங்களில் கூட இதைப் பொறித்தார்கள். படை பரிவாரங்களோடு வரும் அரசனுக்கான சொல்லை, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு வைத்தார்கள் கிறிஸ்தவர்கள்.

ஆரம்பத்தில் இது ஒரு நோன்புக் காலம். 581ஆம் ஆண்டு இன்றைய பிரான்சில் உள்ள மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் நோன்பிருக்க வேண்டும் என்று விதித்தது. நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள் என்பதால் இதை 'மார்ட்டின் தவக்காலம்' என்றும் அழைத்தார்கள். பின்னாளில் ரோம வழிபாட்டு முறையில் இது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. இன்று நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. எனவே ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாட்கள் வரை நீடிக்கும்.

அந்தப் பழைய நோன்பின் சாயல் இன்னும் இருக்கிறது. கத்தோலிக்க குருக்கள் தவக்காலத்தைப் போலவே ஊதா நிற உடை அணிகிறார்கள். முதல் ஞாயிறன்று வாசிக்கும் நற்செய்தி குழந்தை இயேசுவைப் பற்றியதே அல்ல. உலக முடிவில் அவர் மீண்டும் வருவார், விழித்திருங்கள் என்பதைப் பற்றியது. அதாவது ஒரு கிறிஸ்தவர் இங்கே இரண்டு வருகைகளுக்கு நடுவில் நிற்கிறார். ஒன்று நடந்து முடிந்தது, இன்னொன்று இனிமேல்தான்.

சரி, இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் அதற்கு ஒரு வழி பிறந்தது. யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், அந்த நகரத்துச் சேரிகளில் பிள்ளைகள் படும் பாட்டை நேரில் பார்த்தவர். 1833இல் அவர்களுக்காக 'ராவ்ஹெஸ் ஹௌஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், "எப்போது வரும்? எப்போது வரும்?" என்று பிள்ளைகள் அவரைத் துளைத்தெடுத்தார்களாம். 1839இல் விஹெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், மற்ற நாட்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். தினமும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றினார்கள். இன்னும் எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கொண்டார்கள்.

ஐரோப்பாவின் டிசம்பரில் பகல் நாளுக்கு நாள் குறையும், இருட்டு கூடும். அந்தச் சக்கரத்திலோ வெளிச்சம் நாளுக்கு நாள் கூடியது! பசியும் அடியும் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு 'நல்லது ஒன்று வருகிறது' என்பதைப் பிரசங்கத்தை விட அது தெளிவாகச் சொல்லியிருக்கும். இன்று ஆலயங்களில் நான்கு மெழுகுவர்த்திகளோடு காணப்படும் பசுமை வளையம் இதன் வாரிசுதான்.

ஆனால் நாள் எண்ண முடியாத காத்திருப்பும் உண்டு. ஹிட்லரை எதிர்த்த லூத்தரன் போதகர் டீட்ரிஹ் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதாகி, பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு திருவருகைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தபோது, நவம்பர் 21 அன்று, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சிறை அறையையே இந்தக் காலத்தோடு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவன் ஏதேதோ செய்து பொழுதைக் கழிக்கலாம், நம்பிக்கையோடு இருக்கலாம். கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்கும் என்பது அவர் கருத்து. அவருக்கு அந்தக் கதவு விடுதலைக்காகத் திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் வதை முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

விஹெர்னின் பிள்ளைகளுக்குத் தேதி தெரியும். போன்ஹோஃபருக்குத் தெரியாது. இருவரும் காத்திருந்தது ஒருவருக்காகவே. மீட்பு என்பது மனிதன் தானே செய்து கொள்வதல்ல, அவனைத் தேடி வருவது என்ற நம்பிக்கைதான் திருவருகைக் காலத்தின் உட்பொருள். கடைகளின் அவசரத்தில் முதலில் தொலைந்து போவதும் அந்தக் காத்திருப்புதான்.