மலசலக் குழாயை மாற்றும் முன்னர் மதிலுக்கு அப்பாலும் அளந்து பாருங்கள்

எமது கிழக்குக் கரையோர ஊர்களில், வளவின் பின் மூலையில் இருந்த மலசலகூடத்தை வீட்டுக்குள் கொண்டு வருவது இப்போது வழமையாகிவிட்டது. வயதானவர்கள் உள்ள வீடுகளில் அது தேவையும்கூட. முழங்கால் வருத்தத்தால் இரவில் முற்றத்தில் இறங்க முடியாத என் உம்மாவுக்காகக் கடந்த தவணை விடுமுறையில் நானும் அந்த வேலையைத் தொடங்கினேன். பழைய குழி இருக்கட்டும், குழாயை மட்டும் நீட்டிப் பொருத்தினால் போதும் என்பதே என் எண்ணம்.

மேசன் வந்து பார்த்தார். "சேர், குழி தூரமாக் கிடக்கு. றோட்டுக் கான் கிட்டத்தானே, அதுக்குள்ள விட்டா லேசு" என்றார். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வீதி வடிகான் மழைநீருக்கானது. மாரியில் அது நிரம்பி வழியும்போது நாம் விட்டது எமது பிள்ளைகளின் காலடிக்கே வருகின்றது. நான் மறுத்துவிட்டேன்.

குழியுடன் இணைப்பதானால் முதலில் பார்க்க வேண்டியது மட்டம். அளவைக் குழியிலிருந்தே தொடங்க வேண்டும். குழாய் உள்ளே நுழையும் ஆழத்தைத் தோண்டிப் பார்த்து, அங்கிருந்து வீட்டை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வீதம் உயர்த்திக்கொண்டு வர வேண்டும். 32 அடித் தூரத்துக்கு 8 அங்குலம். எமது மணல் நிலம் தட்டையானது, ஆகவே இந்த 8 அங்குலம் கிடைக்காத வீடுகளும் உண்டு. அங்கே மலசலகூடத்தின் தளத்தை உயர்த்துவதே வழி. குழாய் 110 மில்லிமீற்றர். திரும்பும் இடத்தில் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகையில் இரண்டு போட்டு, அருகிலேயே மூடியுள்ள சோதனைக் குழியொன்றும் கட்டுங்கள். அடைத்தால் தளத்தை உடைக்கத் தேவையில்லை. காற்றுக் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். மேசன்மார் அடிக்கடி மறக்கும் விடயம் இது. அது இல்லாவிட்டால் கொமட்டின் வளைவில் நிற்கும் நீர் உறிஞ்சப்பட்டு வீடெல்லாம் மணக்கும். கூரைத் தண்ணீரை இதனுடன் சேர்க்கவே கூடாது. மண் மூடுவதற்கு முன் நீர் ஊற்றிப் பொருத்துகளைப் பாருங்கள்.

இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்த விடயம் கண்ணில் பட்டது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். எமது கிணறு 55 அடியில் இருந்தது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு 27 அடி! எங்கள் குழியோ அடி கட்டப்படாத வெறும் கொங்கிறீட் வளையங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது குழியும் கிணறும் ஒரே நீரில்தான் நிற்கின்றன. வகுப்பில் நிலத்தடி நீரைப் படிப்பிக்கும் நான் 20 வருடமாக இதை அளக்கவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டினேன். பழைய குழியைக் கலி பவுசரால் வெறுமையாக்கி மணல் நிரப்பினோம். முன் வளவில் அடியும் சுவரும் பூசப்பட்ட இரண்டு அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வெளிவரும் நீருக்கு இரு கிணறுகளிலிருந்தும் விலகிய மூலையில் உறிஞ்சு குழி வைத்தோம். குழாய்க் கணக்கு அதே கணக்குத்தான். செலவு மட்டும் இரட்டிப்பானது.

பக்கத்து வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர்களது கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை குடிதண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்கே வருகிறார்கள்.