அரை நாள் பள்ளிக்கூடம்



'பிள்ளையின் கல்வியில் பெரும் பங்கு பெற்றோருக்கா, பள்ளிக்கா?' இதுதான் தலைப்பு. நான் பள்ளியின் பக்கம். வீட்டுக்கு எதிராகப் பேசிவிட்டு இன்றைக்கு ராத்திரி நான் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார். 'அந்தக் காலத்தில் பிள்ளை அப்பாவிடம் தொழில் கற்றான், அம்மாவிடம் ஒழுக்கம் கற்றான். பள்ளிக்கூடம் வந்தது, கைத்தொழிலும் போச்சு, பெரியவர்களிடம் மரியாதையும் போச்சு' என்றார். அம்மா, இது நீங்கள் புதிதாகச் சொன்ன வாதம் இல்லை. இந்த மேடையில் இருக்கிற எல்லாரையும்விடப் பெரிய அறிவாளி ஒருவர், எழுபது வருஷத்துக்கு முன்னால் இதைச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, சட்டமன்றத்தையே இரண்டாகப் பிளக்கிற ஒரு திட்டமாகவும் அதைக் கொண்டுவந்தார். அவர் ராஜாஜி.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அப்போது நிலைமை என்ன? 1950இல் வந்த அரசியல் சட்டம், பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயல வேண்டும் என்று அரசுக்குச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டதே தவிரப் பணம் எங்கே? கட்டடம் எங்கே? வாத்தியார் எங்கே? கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி. ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்பைப் பார்க்காமல் போனவர்கள் ஏராளம்.

ராஜாஜி ஒரு கணக்குப் போட்டார். தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் படிப்பு. அதை 3 மணி நேரம் ஆக்குவோம். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். அதே வாத்தியார், அதே அறை, இரண்டு மடங்கு பிள்ளைகள். சரி, மீதி நேரத்தில் பிள்ளை என்ன செய்வான்? வீட்டுக்குப் போவான், அப்பா செய்கிற தொழிலைக் கற்பான். பெண் குழந்தை அம்மாவிடம் வீட்டு வேலை கற்பாள். 1953 ஜூனில், நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த கிராமப் பள்ளிகளில் இது நடைமுறைக்கு வந்தது.

நடுவர் அவர்களே, அந்தப் பெரியவருக்கு நியாயம் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வெறும் ஏட்டுப் படிப்பு பிள்ளையைக் கையால் உழைக்கக் கூச்சப்படுகிறவனாக ஆக்குகிறது என்று அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலை பொய்யா? நான்கு எழுத்துப் படித்தவுடன் மண்வெட்டியைத் தொட வெட்கப்படுகிற பையனை நாம் பார்க்கவில்லையா? குயவனும் தச்சனும் நெசவாளியும் தன் வித்தையில் பேராசிரியன்தான். அந்த அறிவைப் பள்ளிக்கூடம் மதிக்கவில்லை என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். இவ்வளவும் சரி. பிறகு எங்கே கோளாறு வந்தது?

முதல் கோளாறு. 'அப்பா செய்கிற தொழில்' என்று சொல்கிறோமே, எந்த அப்பா? தச்சன் மகன் தச்சுவேலை கற்பான், கேட்க நன்றாக இருக்கிறது. துணி வெளுக்கிறவர் மகன்? செத்த மாட்டைத் தூக்குகிறவர் மகன்? பண்ணையில் அடிமைபோல வேலை செய்கிறவர் மகன்? அவன் எதைக் கற்பான்? இந்த நாட்டில் தொழில் என்றால் வெறும் தொழில் இல்லை, அதற்குப் பின்னால் சாதி என்று ஒன்று நிற்கிறது. அதனால்தான் பெரியார் இதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துப் போராடினார். திராவிட முன்னேற்றக் கழகம் 1953 ஜூலையில் மும்முனைப் போராட்டம் நடத்தியபோது, அதில் ஒரு முனை இந்தத் திட்டம். அரசு தன் ஆவணத்தில் வைத்த பெயர் வேறு. ஜனங்கள் வாயில் நின்றது குலக்கல்விதான்.

எதிரணியில் ஒரு நண்பர், 'குலவித்தை கற்காமலே வரும்' என்று பழமொழி சொன்னார். ஐயா, கற்காமலே வரும் என்றால் அதைக் கற்க எதுக்குங்க அரை நாள் பள்ளியை மூடணும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது கோளாறு. கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி. நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. பட்டணத்தில் வக்கீல் மகன் பாதி நாள் அப்பாவோடு கோர்ட்டுக்குப் போய்த் தொழில் கற்கட்டும் என்று யாரும் சொல்லவில்லையே! ஒரு மருந்து நல்ல மருந்து என்றால் வைத்தியர் முதலில் தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா?

மூன்றாவது. 'காந்தி சொன்னதும் இதுதானே, கைத்தொழில் கல்விதானே?' என்று கேட்பார்கள். இல்லை. நன்றாகக் கவனியுங்கள். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில், கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்தது. வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ராட்டையில் நூற்பார்கள். 1953இல் கைத்தொழில் பள்ளிக்கு வெளியே போய்விட்டது. அவரவர் வீட்டுக்கு, அவரவர் தெருவுக்குப் போய்விட்டது. அங்கே ராட்டை பிள்ளைகளைச் சேர்த்து வைத்தது. இங்கே தொழில் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பியது. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பாலும் சுண்ணாம்புத் தண்ணியும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்!

சட்டமன்றத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1953 ஜூலை 29. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம். ஓட்டு எண்ணினார்கள். ஆதரவு 138, எதிர்ப்பு 138! சமமாக நின்றதால் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு ஆராயட்டும் என்று இன்னொரு தீர்மானம். 139க்கு 137. நிறைவேறியது. பருலேக்கர் தலைமையில் குழு போட்டார்கள். அந்தக் குழு அந்த ஆண்டு நவம்பரிலேயே, திட்டம் நல்லதுதான் என்று அறிக்கை கொடுத்தது. நிபுணர்கள் சரி என்றார்கள், ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். ராஜாஜியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. 1954 மார்ச்சில் அவர் பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சர் ஆனார். மே மாதம் திட்டம் போயே போச்சு. இதில் ஒரு வேடிக்கை. திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், ராஜாஜி அமைச்சரவையில் இருந்து அதே திட்டத்துக்காகப் பேசியவர். காமராசரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டவரும் அவர்தான். அவரையே கூப்பிட்டுக் கல்வித் துறையைக் கொடுத்தார் காமராசர்.

இப்போது எதிரணி கேட்கலாம்: 'அப்படியானால் பெற்றோருக்கு உரிமையே இல்லையா? பிள்ளை அரசாங்கத்தின் சொத்தா?' நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஆரெகன் என்று ஒரு மாநிலம். 1922இல் அங்கே ஓட்டெடுப்பு வைத்து ஒரு சட்டம் செய்தார்கள். 8 வயது முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளையும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். கேட்டால் பொதுக் கல்விக்கு ஆதரவு மாதிரி இருக்கும். பின்னால் நின்று தூண்டியவர்கள் யார்? கறுப்பர்களைக் கொடுமைப்படுத்திய அதே கு கிளக்ஸ் கிளான் கூட்டம். நோக்கம், கத்தோலிக்கப் பள்ளிகளை இழுத்து மூடுவது. கன்னியர் நடத்திய பள்ளியும், ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் வழக்குப் போட்டன. 1925இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலாக அந்தச் சட்டம் செல்லாது என்றது. பிள்ளையை வளர்க்கவும், எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றது. நான் அதைக் கைதட்டி ஏற்கிறேன். ஆனால் அதே தீர்ப்பு, ஏதாவது ஒரு பள்ளிக்குப் பிள்ளை போயே ஆக வேண்டும் என்று கேட்கிற அதிகாரத்தை அரசிடமிருந்து பறிக்கவில்லை. எந்தக் கதவு வழியாகப் போவது என்பதைத் தகப்பன் முடிவு செய்யலாம். கதவையே சாத்த யாருக்கும் உரிமை கிடையாது. தகப்பனுக்கும் இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை.

சரி, 1953இல் அந்தத் தகப்பனை யாராவது கேட்டார்களா? 'உன் தொழிலை உன் மகனுக்குக் கற்றுக் கொடுக்கிறாயா?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? கல்லூரியில் இத்தனை வருஷமாகச் சேர்க்கைப் படிவம் வாங்குகிறவன் நான். கைநாட்டு வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து ஒரு தகப்பன் சொல்வார்: 'சார், இவன் என்னை மாதிரி ஆயிடக்கூடாது, பார்த்துக்குங்க.' வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் சொல்கிறார். பிள்ளையைச் சபையில் முந்தி இருக்கும்படி செய்வதே தகப்பன் செய்யும் உதவி என்பது வள்ளுவர் கருத்து. தான் உட்கார்ந்த இடத்திலேயே மகனையும் உட்கார வைப்பது உதவி என்று அவர் சொல்லவில்லை.

பெற்றோருக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பங்கு என்ன என்பதையும் அதே தமிழ்நாடுதான் காட்டியது. 1956இல் காமராசர் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். அரசு மட்டும் போடவில்லை, செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். முதல் மாநாடு திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூரில். ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் சோறு ஆக்கப் பாத்திரம் கொடுத்தார். ராஜாஜி திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. இவர்கள் வீட்டையே பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசியை ஆற்றிய பிறகு பிள்ளை பள்ளியை விட்டு ஏன் போகப் போகிறான்?

கடைசியாக ஒன்று, எதிரணிக்கு மட்டும் இல்லை, எதிரே இருக்கும் உங்களுக்கும். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பெற்றோருக்கு இடம் இல்லை என்றா சொல்கிறீர்கள்? நாலில் மூன்று நாற்காலி உங்களுக்குத்தான் போட்டிருக்கிறது! அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போனீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு) நாற்காலி காலியாக இருக்கும்போது 'பள்ளிக்கூடம் கெட்டுப் போச்சு' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நடுவர் அவர்களே, வீடு பிள்ளைக்கு வேர். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பன் எங்கே நின்றானோ அங்கேயே பிள்ளையும் நிற்காமல், பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க வைப்பது பள்ளிக்கூடம்தான். அதுவும் முழு நாள் பள்ளிக்கூடம். ஆகவே பெரும் பங்கு பள்ளிக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)